கார்பன் ஃபைபர் உதிரிபாகம் வாங்குமுன்: ஒரே தோற்றத்துக்கு ஏன் இத்தனை விலை?

ஒரே மாடல் காருக்காகச் செய்யப்பட்ட இரண்டு பானெட்டுகளை ஒரு பட்டறையில் அருகருகே சாய்த்து வைத்திருந்தார்கள். இரண்டிலும் அதே கறுப்பு ட்வில் நெசவு (சாய்ந்த கோடுகளாகத் தெரியும் நெசவு), அதே கண்ணாடிப் பளபளப்பு. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. திருப்பிப் போட்ட பிறகுதான் காரணம் தெரிந்தது. விலை கூடியதன் அடிப்பக்கத்திலும் நெசவு ஒழுங்காக ஓடியது. ஓரங்கள் ஒரே தடிமனில் சீராக வெட்டப்பட்டிருந்தன. மலிவானதன் அடிப்பக்கம் முழுவதும் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். போல்ட்டு அழுத்திய இடத்தில் அது உதிர்ந்து, உள்ளே வெளுத்த ஃபைபர் கிளாஸ் நார் தெரிந்தது. விற்றவர் பொய் சொன்னார் என்று கூற முடியாது, ஏனெனில் மேலே ஒரே ஓர் அடுக்கு உண்மையான கார்பன் துணி இருக்கத்தான் செய்தது. ‘உண்மையான கார்பன் ஃபைபர்’ என்ற விளம்பரச் சொல், எத்தனை அடுக்கு என்பதையோ எப்படிச் செய்தார்கள் என்பதையோ சொல்வதில்லை.

கார்பன் இழை பெரும்பாலும் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்னும் செயற்கை இழையிலிருந்து பெறப்படுகிறது. அதை ஆக்சிஜன் புகாத உலையில் 1000 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் கருக்குகிறார்கள். ஓர் இழையின் விட்டம் 5 முதல் 7 மைக்ரான் வரைதான் இருக்கும். அத்தகைய 3000 இழைகள் சேர்ந்த கற்றைக்கு ‘3கே’ என்று பெயர். கார் பாகங்களில் நாம் காணும் நெசவு பெரும்பாலும் இந்தக் கற்றையால் ஆனது. சாதாரணத் தரக் கார்பன் இழையின் விறைப்பு சுமார் 230 கிகாபாஸ்கல். ஃபைபர் கிளாஸ் இழைக்கு அது சுமார் 72 மட்டுமே. ஆகவே, ஃபைபர் கிளாஸின் மேல் கார்பன் துணியைப் போர்த்திய பானெட் காற்றில் அதிராமல் நிற்க வேண்டுமானால் தடிமனாக இருந்தாக வேண்டும், தடிமன் கூடினால் எடையும் கூடும். எடை குறையும் என்று நம்பிப் பணம் கொடுத்தவர், காருடன் வந்த அலுமினிய பானெட்டைவிடக் கனமான ஒன்றைப் பூட்டிக்கொண்டு போவது இப்படித்தான் நேர்கிறது.

துணியின் விலையைவிட, அதை ரெசின் என்னும் பிணைப்புப் பிசினோடு சேர்த்து இறுகச் செய்யும் முறைதான் விலையை அதிகமாக நிர்ணயிக்கிறது. மிக எளிய முறையில், அச்சில் துணியை விரித்து, தூரிகையாலும் உருளையாலும் ரெசினைக் கையால் பூசி, அறை வெப்பத்தில் காயவிடுகிறார்கள். இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஆனால் ரெசின் தேவைக்கு அதிகமாகத் தங்கும், காற்றுக் குமிழ்களும் சிக்கிக்கொள்ளும். அடுத்த படி வெற்றிட முறை: உலர்ந்த துணியைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி, அந்த இழுப்பிலேயே ரெசினைத் துணிக்குள் பரவச் செய்கிறார்கள். கவனமாகச் செய்தால் இதில் கிடைக்கும் பாகம் சாலைக் காருக்குப் போதுமானதைவிட நன்றாகவே இருக்கும். நடுத்தர விலையில் தேடுபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

உச்சியில் இருப்பது ப்ரீப்ரெக். அளந்த ரெசின் ஏற்கெனவே ஊறிய துணியை ஆலையிலிருந்தே வாங்கி, சுமார் மைனஸ் 18 டிகிரியில் உறைபெட்டியில் வைத்து, அதன் ஆயுட்காலம் முடிவதற்குள் பயன்படுத்த வேண்டும். துண்டு துண்டாக வெட்டி அச்சில் அடுக்கியபின், ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த உலையில் 120 டிகிரியோ அதற்கு மேலோ வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல ஆறேழு மடங்கு அழுத்தமும் கொடுத்துப் பல மணி நேரம் வேகவைக்கிறார்கள். இவ்வாறு செய்த பாகத்தின் கன அளவில் ஏறக்குறைய 60 சதவீதம் இழையாக இருக்கும். கையால் பூசியதில் அது 40 சதவீதத்தை எட்டுவதே சிரமம். உறைபெட்டி, உலை, அந்த வெப்பத்தைத் தாங்கும் அச்சு, தேர்ந்த கைகள் ஆகிய அனைத்தின் செலவும் ஒவ்வொரு பாகத்தின் மீதும் ஏறுகிறது.

இந்த முறையில் செய்ததை ஜப்பானியக் கார் ஆர்வலர்கள் ‘டிரை கார்பன்’ என்றும், கையால் பூசியதை ‘வெட் கார்பன்’ என்றும் அழைக்கிறார்கள். இன்று பல விற்பனையாளர்கள் பளபளப்பில்லாத மேட் பூச்சு அடித்த எதையும் டிரை கார்பன் என்று விற்கிறார்கள். ஆகவே அந்தப் பெயரைக் கேட்டதும் நிறைவடைந்துவிடாமல், ப்ரீப்ரெக்கா, ஆட்டோகிளேவில் வைத்ததா, மொத்தம் எத்தனை அடுக்கு, ரெசின் எபாக்ஸியா பாலியெஸ்டரா என்று எழுத்தில் கேளுங்கள். பாலியெஸ்டர் மலிவானது, காயும்போது அதிகமாகச் சுருங்கும், கார்பனோடு எபாக்ஸி அளவுக்கு நன்றாக ஒட்டாது.

விலையில் மறைந்திருக்கும் இன்னொரு பெரும் பங்கு அச்சினுடையது. காரை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து, மூல வடிவம் செய்து, பொருத்திப் பார்த்துத் திருத்தி, அதிலிருந்து அச்சு எடுப்பதற்கு மாதங்கள் ஆகலாம். வேறொரு நிறுவனத்தின் பாகத்தை விலைக்கு வாங்கி, அதன் மீதே அச்சு எடுத்து நகல் செய்பவருக்கு இந்தச் செலவே இல்லை. ஆனால் மூலத்தில் இருந்த பிழைகளுடன் அச்சும் நகலும் சுருங்கிய அளவும் சேர்வதால், ஹெட்லைட்டுக்கும் பானெட்டுக்கும் இடையே ஒரு பக்கம் விரல் நுழையும், மறுபக்கம் தாள்கூட நுழையாது. அதைச் சரிசெய்யப் பட்டறையில் கொடுக்கும் கூலியையும் சேர்த்துத்தான் மலிவான பாகத்தின் உண்மை விலையைக் கணக்கிட வேண்டும்.

2000ஆம் ஆண்டில் நிஸான் வெளியிட்ட ஆர்34 ஜிடி-ஆர் வி-ஸ்பெக் 2 காரில் கார்பன் பானெட் இருந்தது. மற்ற ஆர்34 ஜிடி-ஆர்களின் அலுமினிய பானெட்டைவிட அது இலேசானது. ஆயினும் அதன் மேற்பரப்பில் காரின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்திருந்தார்கள். எடைக்காகச் செய்தவர்களுக்கு நெசவைக் காட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. நீங்கள் எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது: அழகுக்காக மட்டும் என்றால் ஒற்றை அடுக்குப் பாகத்தை அதற்குரிய விலையில் வாங்குவதில் தவறில்லை.

பொருள் கைக்கு வந்ததும் முதலில் தராசில் வைத்து, விற்பவர் சொன்ன எடையோடு ஒப்பிடுங்கள். பிறகு வெயிலில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு துளைகளும், மூலைகளில் இழுபட்டு வளைந்த நெசவும் அந்தக் கோணத்தில்தான் தெரியும். நடுக்கோட்டில் இரு பக்க நெசவும் அம்புமுனைபோல் நேராகச் சந்தித்தால், துணியை வெட்டியவர் பொறுமையோடு வேலை செய்திருக்கிறார். ஒரு நாணயத்தின் ஓரத்தால் மேற்பரப்பு முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நன்கு இறுகிய இடம் ‘டிக்’ என்று தெளிவாக ஒலிக்கும். அடுக்குகள் விலகிய இடத்தில் ஒலி மந்தமாகிவிடும். உள்ளே நுரைப் பட்டையோ உலோகத் தகடோ பதித்த இடங்களிலும் ஒலி மாறும் என்பதால், இடதுபக்கத்தை அதே இடத்து வலதுபக்கத்தோடு ஒப்பிட்டுத் தீர்மானியுங்கள்.

வெயில் மிகுந்த ஊர்களில் இருப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கேட்க வேண்டும். நண்பகல் வெயிலில் கறுப்பு பானெட் 70 டிகிரியைத் தாண்டலாம். அறை வெப்பத்தில் மட்டும் காயவைத்த எபாக்ஸி பல நேரங்களில் 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். அப்போது நெசவின் மேடுபள்ளம் மேற்பரப்பில் எழும்பும், நீண்ட பாகங்கள் மெல்ல வளையும். காய்ந்தபின் மீண்டும் சூடேற்றிப் பதப்படுத்தினார்களா என்று கேளுங்கள். எபாக்ஸி புற ஊதாக் கதிரால் மஞ்சளாவதால், அதைத் தடுக்கும் கிளியர் கோட் என்னும் நிறமற்ற மேல்பூச்சு எத்தனை முறை அடித்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயிண்டருக்குக் கொடுக்குமுன் ஒருமுறை காரில் பொருத்திப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் பெயிண்ட் பட்ட பாகத்தை விற்பவர்களில் பெரும்பாலோர் திரும்பப் பெறுவதில்லை. கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் ஓர் அடுக்கு ஃபைபர் கிளாஸோ வேறு தடுப்போ இருக்க வேண்டும். பானெட்டின் பூட்டுப் பகுதியில் உலோக வலுவூட்டல் பதித்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இல்லையென்றாலோ, இருந்தும் ஐயம் தீரவில்லையென்றாலோ, பானெட் திறந்துகொள்ளாமல் பிடிக்கும் பானெட் பின்களைத் தனியே பொருத்தாமல் நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள்.

மிரர் கவர், டாஷ்போர்டு அலங்காரம் போன்றவற்றில் மலிவானதை வாங்கினால், கெட்டுப்போனாலும் இழப்பு பணத்தோடு நிற்கும். சக்கரம், இருக்கை, ஸ்டீயரிங் வீல் ஆகியவற்றை நம்பி உயிரே இருக்கிறது. பந்தய இருக்கை வாங்குபவர், சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் தர முத்திரையையும் அதிலுள்ள தயாரிப்பு ஆண்டையும் பார்த்தபின் பணம் கொடுக்கட்டும். முத்திரையே இல்லாத கார்பன் இருக்கையை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.