பிளாக்கரில் எழுதுபவர்களுக்கு: வந்த வாசகர் மறுபடி வர வழி செய்வது எப்படி?

நல்ல பதிவு எழுதினால் வாசகர் தானாக வருவார் என்பது, பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டும் திரட்டிகள் ஓடிக்கொண்டிருந்த காலத்துக்குச் சரி. தமிழ்மணம் என்ற திரட்டியின் முகப்பில் தலைப்பு தெரிந்தால் போதும், நேற்று வந்தவர் இன்றும் வருவார். அந்தக் காலம் போய்விட்டது. பிடித்த வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. புதிய பதிவுகளை வாசகருக்கு அஞ்சலில் அனுப்பிவந்த ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சேவை 2021 ஜூலையோடு நின்றது. வாசகர் திரும்பி வரப் பயன்பட்ட வழிகள் அடைபட்ட பிறகும், அதற்கு மாற்று வைக்காமல் எழுதிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம். இந்த மாற்று வழியை அமைக்க அரை நாள் போதும்.

வலைப்பூ தொடங்குவதும் டெம்ப்ளேட் போடுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரு மாடித்தோட்ட வலைப்பூ.

படி 1: செத்த பெட்டியை எடுங்கள்

லேஅவுட் பக்கத்தில், ஃபீட்பர்னரை நம்பி இருந்த பழைய ‘மின்னஞ்சலில் பெற’ கேட்ஜெட் (பக்கவாட்டுப் பெட்டி) இன்னும் இருந்தால் நீக்குங்கள். அதில் முகவரி கொடுத்தவருக்கு எந்தப் பதிவும் போய்ச் சேராது. அவர் அடுத்த முறை எந்தப் பெட்டியையும் நம்ப மாட்டார்.

படி 2: பதிவின் முகவரி (பலரும் சறுக்கும் இடம்)

தலைப்பைத் தமிழில் எழுதி அப்படியே வெளியிட்டால், பிளாக்கர் தமிழ் எழுத்துகளை எல்லாம் உதறிவிட்டு ‘பிளாக்-போஸ்ட்’ என்று ஒரு முகவரி போடும். அடுத்த பதிவுக்கும் அதேதான், கடைசியில் ஒரு எண் மட்டும் ஒட்டிக்கொள்ளும். தலைப்பில் ‘2024’ போல எண்ணோ ஆங்கிலச் சொல்லோ இருந்தால் அது மட்டும் மிஞ்சும். இருநூறு பதிவு எழுதிய பிறகு பார்த்தால் எல்லா முகவரியும் ஒரே மாதிரி இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒருவர் சுட்டியை மட்டும் அனுப்பினால் அது எந்தப் பதிவு என்று பெறுபவருக்குத் தெரியாது.

வெளியிடுவதற்கு முன், வலப்பக்கப் பட்டியில் பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) என்பதைத் திறந்து ‘கஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு, புள்ளி ஆகியவற்றை மட்டுமே அது ஏற்கும். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போட வேண்டாம். மக்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எப்படித் தட்டுவார்களோ அப்படியே போடுங்கள். ‘கத்தரிச் செடியில் மாவுப்பூச்சி’ என்ற பதிவுக்குக் ‘கத்தரி-மாவு-பூச்சி’ என்பதை ஆங்கில எழுத்தில் போட்டால் போதும். கைபேசியில் தமிழ் விசைப்பலகை இல்லாதவர்கள் கூகுளில் தேடுவதும் அப்படித்தான்.

வெளியிட்ட பிறகு இதை மாற்ற முடியாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் பதிவை டிராஃப்ட்டுக்குத் திருப்பி, முகவரியை மாற்றி, மறுபடி வெளியிட வேண்டும். உடனே செட்டிங்ஸில் ‘எரர்ஸ் அண்ட் ரீடைரெக்ட்ஸ்’ பகுதிக்குப் போய், பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட வேண்டும். இங்கே முழு முகவரியை ஒட்டினால் வேலை செய்யாது. தளத்தின் பெயரை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் வரும் சாய்கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ‘பெர்மனென்ட்’ பொத்தானையும் இயக்குங்கள். இந்தத் திருப்பத்தைப் போடாவிட்டால், அந்தப் பதிவுக்கு மற்றவர்கள் கொடுத்திருந்த சுட்டிகள் அத்தனையும் ‘பக்கம் இல்லை’ என்று காட்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய பதிவின் முகவரியைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்து. இனி எழுதுவதற்குச் சரியாகப் போட்டால் போதும்.

படி 3: தேடல் விளக்கம்

செட்டிங்ஸில் மெட்டா டேக்ஸ் பகுதியில் ‘சர்ச் டிஸ்கிரிப்ஷன்’ என்பதை இயக்குங்கள். அதன் பிறகுதான் ஒவ்வொரு பதிவின் வலப்பக்கப் பட்டியிலும் அதற்கான கட்டம் தோன்றும். பதிவு எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் சுட்டியைப் பகிரும்போது தலைப்புக்குக் கீழே தெரிவது இந்த வரிதான். காலியாக விட்டால் பெரும்பாலும் தலைப்பு மட்டும் மொட்டையாக நிற்கும்.

படி 4: மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும்

பிளாக்கர் செட்டிங்ஸில் புதிய பதிவு பற்றி மின்னஞ்சல் அனுப்பும் வசதி உண்டு. ஆனால் பத்து முகவரிக்குத்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால், செய்தியோடையை (வலைப்பூவின் புதிய பதிவுகளைத் தானாகப் பட்டியலிடும் ஃபீட்) படித்து அஞ்சல் அனுப்பும் வெளிச் சேவை ஒன்று தேவை. எந்தச் சேவையானாலும் சரி, சந்தாதாரர் பட்டியலைத் தரவிறக்கிக்கொள்ள விடுகிறதா என்று முதலில் பாருங்கள். விடவில்லை என்றால் வேண்டாம். சேவை மூடப்படும் நாளில் கையில் பட்டியல் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே தனியாக ஒரு தொல்லை உண்டு. சுமார் 102 கிலோபைட்டுக்கு மேல் போகும் அஞ்சலை ஜிமெயில் பாதியில் வெட்டிவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்றால், யூனிகோடு தமிழில் உயிர்மெய்யின் ஒவ்வொரு உறுப்புக்கும் 3 பைட். ‘கொ’ என்ற ஓர் எழுத்தே 6 பைட். 1,500 சொல் பதிவென்றால் வெறும் எழுத்தே 40 கிலோபைட் அளவுக்கு வந்துவிடும். அதோடு வேர்டில் தட்டச்சு செய்து அப்படியே ஒட்டினால், எழுத்துரு, அளவு, நிறம் என்று வேர்டின் குப்பையும் கூடவே வந்து சேர்ந்து எல்லையைத் தாண்டிவிடும். ‘படிக்க முடியவில்லை, பாதியில் நிற்கிறது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தீர்வு இரண்டு. ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் வரும். அடுத்து, மூன்றாவது பத்திக்குப் பிறகு ‘ஜம்ப் பிரேக்’ (‘மேலும் படிக்க’ என்று பதிவைப் பிரிக்கும் கோடு) போட்டு, செட்டிங்ஸில் சைட் ஃபீட் பகுதியில் ‘அன்டில் ஜம்ப் பிரேக்’ என்று தேர்ந்தெடுங்கள். அஞ்சலில் தொடக்கம் மட்டும் போகும், மீதியைப் படிக்க வாசகர் தளத்துக்கு வருவார். அந்த மூன்று பத்திக்குள் பயனுள்ள ஒரு தகவலாவது இருக்க வேண்டும். ‘ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய்’ என்ற அளவை அங்கேயே சொல்லிவிடுங்கள். ஒன்றும் சொல்லாமல் இழுத்தால் அடுத்த அஞ்சலைத் திறக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் குழு வேண்டாம், சேனல் போதும். குழுவில் எல்லாருடைய தொலைபேசி எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண் வாசகர்கள் பலர் இதனாலேயே விலகுவார்கள். சேனலில் அந்தக் கவலை இல்லை. சேர்ந்தவர் மணிப் பொத்தானை அழுத்தினால்தான் அறிவிப்பு வரும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

படி 5: பழைய பதிவுகள்

புதிதாக எழுதுவதை விட இதில்தான் பலன் அதிகம். உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, கடைசி மூன்று மாதத்துக்கு, தேடல் முடிவுகளில் சராசரி இடம் 8 முதல் 20 வரை உள்ள பக்கங்களைப் பாருங்கள். கூகுள் ஏற்கெனவே மதிக்கிற, ஆனால் முதல் வரிசைக்கு வராத பதிவுகள் அவை. ஒவ்வொன்றிலும் மக்கள் என்ன சொல் தட்டி வந்தார்கள் என்று பாருங்கள். மாவுப்பூச்சிப் பதிவுக்கு ‘மாவுப்பூச்சி எறும்பு’ என்று தேடி வருகிறார்கள், பதிவிலோ எறும்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால், எழுத வேண்டியது அதுதான். பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு வந்து அவற்றைக் காக்கும். எறும்பைத் தடுக்காமல் மருந்து அடித்தால் பூச்சி திரும்ப வரும். இந்த ஒரு பத்தியைச் சேர்த்து, மேலே ‘புதுப்பித்தது’ என்று தேதி போடுங்கள்.

பதிவின் முடிவில் அடுத்து படிக்க வேண்டிய ஒரே ஒரு பதிவுக்குச் சுட்டி கொடுங்கள். ‘இங்கே சொடுக்கவும்’ என்று எழுதாமல், ‘வேப்பெண்ணெய்க் கரைசல் பிரியாமல் கலப்பது எப்படி’ என்று தலைப்பையே சுட்டியாக்குங்கள். படங்களோடு தானாகப் பத்து பதிவுகளைக் காட்டும் விட்ஜெட்டுகள் எனக்குப் பிடிக்காது. பக்கத்தைக் கனமாக்கும், பொருத்தமில்லாததைக் காட்டும்.

படி 6: பின்னூட்டம்

கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தவர் கட்டாயம் திரும்பி வருவார். மட்டுறுத்தலை (பின்னூட்டத்தை நீங்கள் பார்த்து ஒப்புதல் தரும் ஏற்பாடு) ‘சம்டைம்ஸ்’ என்று வைத்து 14 நாள் கொடுங்கள். புதிய பதிவில் உடனே வெளியாகும், எரிதம் (ஸ்பேம்) மொய்க்கும் பழைய பதிவில் மட்டும் உங்கள் ஒப்புதலுக்கு நிற்கும். ‘நான் ரோபோ அல்ல’ என்று நிரூபிக்கச் சொல்லும் கேப்சாவை எடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: ‘பின்னூட்டம் இட்டால் காணாமல் போகிறது, லாகின் ஆகவில்லை’ என்று சில வாசகர்கள் சொல்வார்கள். பதிவுக்கு அடியிலேயே இருக்கும் பின்னூட்டப் பெட்டி உங்கள் பக்கத்துக்குள் வேறொரு தளத்தின் பக்கத்தைக் காட்டும் ஒரு தனிச் சட்டகத்துக்குள் ஓடுகிறது. சஃபாரி, பிரேவ் போன்ற உலாவிகள் மூன்றாம் தரப்பு குக்கிகளை (வேறு தளம் உலாவியில் வைக்கும் அடையாளக் குறிப்புகள்) தடுப்பதால், உள்ளே நுழைந்திருப்பவரையும் அது அடையாளம் காணாது. கமென்ட்ஸ் செட்டிங்ஸில் இடத்தை ‘எம்பெடட்’ என்பதிலிருந்து ‘ஃபுல் பேஜ்’ என்று மாற்றினால் சரியாகும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

பின்சேர்க்கை 2: சர்ச் கன்சோலில் ‘எம் சமம் 1’ (m=1) என்று முடியும் முகவரிகள் ‘திருப்பிவிடப்பட்ட பக்கம்’ என்ற பட்டியலில் வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கைபேசிக்காக பிளாக்கர் தானாகச் சேர்க்கும் வால் அது. அதை நீக்குவதாகச் சொல்லிப் பரவும் ஜாவாஸ்கிரிப்ட் துண்டுகளை டெம்ப்ளேட்டில் ஒட்டாதீர்கள். சில பக்கங்கள் முடிவில்லாமல் மறுபடி மறுபடி ஏற்றமாகும் நிலைக்குப் போய்விடும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால், தீம் பக்கத்தில் பேக்அப் எடுத்துவிட்டு அந்தத் துண்டை நீக்குங்கள்.