ராசி பார்க்கும் வாசகரும் எண் பார்க்கும் நூலகரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரும்பி வந்த புத்தகங்களை எண் வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது கவுண்டரில் நின்ற ஒருவர் கேட்டார்: "சார், நீங்க கன்னி ராசிதானே?" இல்லை என்றேன். "அப்போ லக்னமாவது கன்னியா இருக்கும்" என்றார், விடாமல். ஒழுங்கு, சுத்தம், எதிலும் குறை கண்டுபிடிக்கும் குணம் எல்லாவற்றையும் கன்னியின் பெயரில் எழுதி வைத்துவிட்டார்கள். அதனால் நூலகர் என்றாலே கன்னி என்று முடிவு கட்டுகிறார்கள். என் வீட்டு மேஜையைப் பார்த்தால் அந்த ராசியே கோபித்துக்கொள்ளும். புத்தகம் அடுக்குவது என் குணமில்லை, சம்பளம் வாங்கிச் செய்கிற வேலை. வேலையைப் பார்த்து ராசி சொல்வது வாசகர் தரப்பின் முதல் தவறு.

ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கும் பெரிய உரிமை இல்லை. ஜோதிடர்கள் வானத்தின் 360 பாகையை 12 துண்டாக வெட்டி, ராசிக்கு 30 பாகை என்று பங்கு வைத்தார்கள். மெல்வில் டூயி என்ற அமெரிக்க நூலகர் 1876-இல் வெளியிட்ட, புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் போடும் தசம வகைப்பாடு, அறிவு முழுவதையும் 10 வகுப்பாக்கி, அதை மறுபடி பத்துப் பத்தாக நறுக்கி 1000 பெட்டி செய்தது. எங்களிடம் பெட்டி அதிகம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு மேதாவி போல நிற்பது நூலகர் தரப்பின் முதல் தவறு.

இரண்டு தரப்புக்கும் பொதுவான தவறு, எண்ணைத் தீர்ப்பு என்று நினைப்பது. டூயி முறையில் ஜோதிடத்தின் எண் 133.5. வரிசையில் அதற்கு முன்னால் பேய்களும் சூனியமும், அடுத்ததாக 133.6-இல் கைரேகை. ஒரு வாசகர், "பேய்க்குப் பக்கத்தில் வைத்து ஜோதிடத்தை அவமானப்படுத்துகிறீர்கள்" என்றார். இன்னொருவர், "தத்துவம், உளவியல் வகுப்பில் வைத்திருக்கிறீர்களே, அப்போ இது அறிவியல்தான்" என்று மகிழ்ந்தார். வகுப்புகளை ஆங்கில எழுத்துகளால் குறிக்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் ஜோதிடம் உளவியலுக்கான BF என்ற எழுத்துகளுக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்தால் அவர் இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பார். எண் சொல்வது ஒன்றே ஒன்று: புத்தகம் எங்கே நிற்கிறது என்பது. உள்ளே இருப்பது உண்மையா என்று அது சொல்வதில்லை. அக்கம்பக்கத்தை வைத்து மதிப்பிடுவதென்றால் எங்கள் கதி என்ன? நூலகவியலின் எண் 020. பறக்கும் தட்டுகளின் எண் 001.942. இரண்டும் பூஜ்யத்தில் தொடங்கும் ஒரே வகுப்பு.

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அட்டையை மட்டும் பார்த்து எண் போடுவதும் உண்டு. "நட்சத்திரங்கள்" என்று தலைப்பு இருந்தால் அது 523-க்குப் போகும் வானியல் நூலாக இருக்கலாம், 133.5-க்குப் போகும் ஜாதக நூலாக இருக்கலாம், திரைப்பட நடிகர்களைப் பற்றியதாகக்கூட இருக்கலாம். அட்டையைத் திறந்து நான்கு பக்கம் புரட்டினால் தெரிந்துவிடும். கேட்கிறவரிடமும் "எந்த நட்சத்திரம்?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டுவிடுவது நல்லது. தொலைநோக்கி வாங்க நினைத்தவரைத் திருமணப் பொருத்தம் பார்க்க அனுப்பிவைத்த பாவம் எனக்கு உண்டு.

அதிகக் குழப்பம் வரும் இடம் வேறு. "ஏப்ரல் 5 பிறந்தவர் என்ன ராசி?" என்று கேட்பார்கள். மேற்கத்திய முறைப்படி மேஷம். நம் முறையில் அன்று சூரியன் இருப்பது மீனத்தில். பூமியின் அச்சு பம்பரம் போலத் தலையாட்டுகிறது, ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 26,000 ஆண்டு. அதனால் வானத்துப் பின்னணி 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்கிறது. ராசியைக் கணக்கிட மேற்கத்தியர்கள் பருவத்தைப் பிடித்துக்கொண்டார்கள், நம்மவர்கள் விண்மீனைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது இரண்டுக்கும் இடைவெளி சுமார் 24 பாகை. இதோடு முடிந்ததா என்றால் இல்லை. தமிழில் ஒருவருடைய ராசி என்று நாம் சொல்வது சூரியனை வைத்தே அல்ல, பிறந்தபோது சந்திரன் இருந்த இடத்தை வைத்து. சந்திரன் ஒரு ராசியில் தங்குவது சுமார் இரண்டேகால் நாள். எனவே ஏப்ரல் 5 என்பதை மட்டும் வைத்து, ஆண்டும் நேரமும் தெரியாமல் ஜென்ம ராசி சொல்லவே முடியாது. இதெல்லாம் தெரியாமல் மொழிபெயர்ப்பு நூலில் மேஷ பலனும் தமிழ் வார இதழில் இன்னொரு பலனும் படித்துவிட்டு, இரண்டும் தனக்கு அப்படியே பொருந்துவதாகச் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பொருந்தத்தான் செய்யும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு குணக்குறிப்பு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. அதன் வாசகங்களை அவர் எடுத்தது கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து. அந்தப் புத்தகத்துக்கு அதற்குமுன் அப்படி ஒரு வேலை வந்திருக்காது.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்ட நூலகர் உடனே செய்யும் தவறு, ராசிபலன் கேட்டு வருகிறவருக்கு இதைச் சொற்பொழிவாக ஆற்றுவது. நானும் ஆற்றியிருக்கிறேன். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. கேட்டவர் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனபோதுதான் அது நினைவுக்கு வந்தது. கேட்டதை எடுத்துக் கொடுங்கள். அவராகவே "இது உண்மையா?" என்று கேட்டால் ஃபோரரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், போன வருட ராசிபலன் புத்தகங்கள். பழசைக் கழிக்கும்போது முதலில் இவைதான் போகும். ஒரு பிரதியையாவது கொஞ்ச நாள் வைத்திருங்கள் என்பேன். சென்ற ஆண்டு என்ன நடந்திருக்க வேண்டும் என்று இந்த ஆண்டு படிப்பதைப் போன்ற நகைச்சுவை இலக்கியம் வேறெந்த அலமாரியிலும் கிடையாது.

கன்னி என்று என்னை அடையாளம் கண்டவர் அன்று எடுத்துப் போனதும் ஒரு ராசி நூல்தான். பதினொரு நாள் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தார். அபராதம் என்றதும், "சந்திராஷ்டமம் சார், வெளியே கிளம்ப முடியல" என்றார். சந்திரன் எட்டாம் ராசியில் இருப்பது இரண்டேகால் நாள்தானே, மீதி எட்டேமுக்கால் நாள் யார் கணக்கு என்று கேட்டேன். என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்து வைத்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, நீங்க கன்னியேதான்."