வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன்

முதல் பிரசவம் என்றால் நம்மூரில் வளைகாப்போடு பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதுவரை பார்த்த டாக்டர் ஓர் ஊரில், பிரசவம் வேறோர் ஊரில். எனக்கு வளையல் பெட்டி முதல் புளிசாதத் தூக்கு வரை எல்லாம் காரில் ஏறின; ஃபைல் மட்டும் மாமியார் வீட்டு பீரோவிலேயே தங்கிவிட்டது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: ஃபைல்

தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஆதார். கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது கிடைக்கும் பிக்மி எண்ணும் வேண்டும். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய நேரும். கிராம சுகாதார செவிலியரிடம் பதியலாம். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக் கணவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஃபைல் மேலேயே ரத்த குரூப்பைப் பெரிதாக எழுதுங்கள். நெகட்டிவ் என்றால் டாக்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் உங்களுக்கு ஆன்டி-டி ஊசி (அடுத்த குழந்தைக்குப் பாதிப்பு வராமல் தடுப்பது) போட வேண்டும்.

படி 2: புது ஆஸ்பத்திரி

வலி வந்த பிறகு முதல்முறையாகப் போய் நிற்காதீர்கள். முன்பே காட்டி, கூச்சப்படாமல் கேளுங்கள்: ராத்திரி 2 மணிக்கு வந்தால் டாக்டர் இருப்பாரா? சிசேரியன் இங்கேயே உண்டா? ரத்தம் எங்கிருந்து வரும்? முடியாவிட்டால் எங்கே அனுப்புவீர்கள்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம் நன்றாகவே பார்ப்பார்கள். பிரசர், சுகர், இரட்டைக் குழந்தை என்று ஏதாவது இருந்தால் மட்டும், ஆபரேஷன் வசதியுள்ள இடத்தை முன்பே முடிவு செய்யுங்கள்.

வண்டிக்கு 108. வீட்டுக்கு வழி சொல்ல ஓர் அடையாளம் யோசித்து வையுங்கள். பதற்றத்தில் சொந்தத் தெருப் பெயரே மறந்துபோகும்.

படி 3: பை

நைட்டி, நாப்கின், பால் கொடுக்க வசதியான உடை, சார்ஜர். குழந்தைக்குப் புதுச்சட்டையைவிடத் துவைத்துக் காயவைத்த பழைய வேட்டித் துணிதான் சரி.

படி 4: இது வலிதானா?

சூட்டு வலி என்றால் ஒழுங்கில்லாமல் வரும். சற்றுப் படுத்தால் அடங்கிவிடும். நிஜ வலி அடங்காது, நெருங்கி நெருங்கி வரும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம் என்றால் கிளம்பிவிடுங்கள். ஆஸ்பத்திரி தூரம் என்றால் இன்னும் முன்பே. 37 வாரம் முடியுமுன் இப்படி வந்தால் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

படி 5: கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாதவை

ரத்தப்போக்கு. வலியே இல்லாமல் பனிக்குடம் உடைவது. வலிப்பு. காய்ச்சல்.

இன்னும் இரண்டை வீட்டுப் பெரியவர்கள் லேசாக எடுத்துக்கொள்வார்கள். ஒன்று, வீக்கம். "உப்பு நீர்தான், பிள்ளைத்தாச்சிக்குச் சகஜம்" என்பார்கள். முகமும் கையும் திடீரென வீங்கி, விடாத தலைவலியோ கண் மங்கலோ வயிற்றின் மேல்பக்கம் வலியோ இருந்தால் உடனே பிரசர் பாருங்கள். 140/90 தொட்டாலே டாக்டரிடம் போகவேண்டும். தலைவலியும் மங்கலும் இருந்தால் எண் எதுவானாலும் போங்கள்.

மற்றது, அசைவு. "நாள் நெருங்கினால் குழந்தை அசங்காது" என்பது தப்பு. வழக்கத்தைவிடக் குறைந்தால் அன்றே போங்கள், மறுநாள் காலைக்குத் தள்ளாதீர்கள்.

இந்தப் படியை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். ராத்திரி தண்ணீர் குடிக்க வரும் அப்பா எப்படியும் படித்துவிடுவார்.