கலப்புத் தொட்டிக்கு எந்தக் கெளுத்தி?

கப்பி, டெட்ரா என்று சின்ன மீன்களைக் கலந்து வளர்க்கும் தொட்டிக்குக் கோரிடோராஸ் கெளுத்திதான் என் முதல் தேர்வு. பெரும்பாலும் இரண்டு, மூன்று அங்குலம்தான் வளரும், யாரையும் சீண்டாது. ஒற்றையாக விட்டால் மூலையில் பதுங்கிவிடும், குறைந்தது ஆறு வேண்டும். கூர்மையான சரளை போட்டால் மீசை புண்ணாகும். நைசான மணல் என்றால் மூக்கைப் புதைத்து இரை தேடுவதை நாள் முழுக்கப் பார்க்கலாம். அவ்வப்போது மேலே பாய்ந்து காற்றை விழுங்கும்; அதன் சுபாவமே அப்படித்தான். மிச்சம் மீதியைத் தின்றே பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், மூழ்கும் உணவு தனியாகப் போடுங்கள்.

அப்புறம், கடையில் விரல் நீளத்தில் மினுங்கும் ‘ஷார்க்’ உண்மையில் பங்காசியஸ் கெளுத்தி. ஒரு மீட்டர் வரை வளரும். தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசியைத் துடைக்கும் என்று தரும் ‘சக்கர்’ கெளுத்தியும் ஓர் அடியைத் தாண்டும். பாசிதான் கவலையென்றால் ஐந்து அங்குலமே வளரும் பிரிசில்நோஸ் கெளுத்தி போதும்.