கடைப் போட் பெருசா வேணும், சபை ஏலாது எண்டு சொல்லுது: எப்பிடிக் கேக்கிறது?

வன்னிக்குள்ளால யாழ்ப்பாணம் போற ஏ9 றோட்டோரமாக் கடை திறக்கிற ஆக்கள் கனபேர் முதல்ல வெல்டிங் கடைக்குப் போய் போட்டுக்கு, அதாவது பேர்ப்பலகைக்கு, ஓடர் குடுத்திட்டுப் பேந்துதான் அனுமதி கேட்டுப் பிரதேச சபைக்குப் போறது. இது தலைகீழ். போட்டை அடிச்சு கொங்கிறீற் போட்டு நட்டாப் பிறகு "இவ்வளவு பெருசு விடேலாது, உள்ளுக்குத் தள்ளுங்கோ" எண்டு கடிதம் வந்தால் பைப்பும் போச்சு கூலியும் போச்சு. அனுமதி எடுக்கிறது பெரிய மந்திரம் இல்லை, அதைக் கெதியாச் சொல்லிட்டு, விதியில உள்ளதை விடக் கூடக் கேக்கிறது எப்பிடி எண்டதைத்தான் கனக்கக் கதைக்கப் போறன், ஏனெண்டால் எங்கட ஆக்கள் சறுக்கிறது அதிலதான்.

முதல்ல உங்கட கடைக்கு முன்னால போற றோட்டு ஆற்ற றோட்டு எண்டு பாருங்கோ. ஏ, பி எண்டு நம்பர் உள்ளதெல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர, அதாவது எல்லாரும் ஆர்.டி.ஏ எண்டு சொல்லுற ஆக்களின்ர. ஏ9 மட்டும் இல்லை, பரந்தனால முல்லைத்தீவுக்குப் போற ஏ35, மாங்குளத்தால ஒட்டுசுட்டான் பக்கமா முல்லைத்தீவுக்குப் போற ஏ34, பூநகரியால மன்னாருக்குப் போற ஏ32, வவுனியாவால மன்னார் பக்கம் போற ஏ30 எல்லாம் அதுக்குள்ளதான். சி, டி றோட்டுகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். மிச்ச உள் றோட்டு, ஒழுங்கை எல்லாம் பெரும்பாலும் சபையின்ர. இது ஏன் முக்கியம் எண்டால் பிரதேச சபை ஓம் எண்டாலும் போட்டின்ர கால் ஆர்.டி.ஏயின்ர எல்லைக்குள்ள நிண்டால் அவை வந்து கழட்டச் சொல்லலாம், அந்த நேரம் சபைக் கடிதத்தைக் காட்டி ஒண்டும் செய்யேலாது. உங்கட வேலி வரைக்கும் உங்கட காணி எண்டு நீங்கள் நினைச்சிருப்பியள், அவை றோட்டின்ர நடுவில இருந்து அளந்துகொண்டு வருவினம், அந்தக் கணக்கில சில கடையளின்ர முன் விறாந்தையே றோட்டுக்குள்ளதான் நிக்கும். ஆர்.டி.ஏயின்ர நிறைவேற்றுப் பொறியியலாளர் ஒபீசுக்குப் போய் "நடுவில இருந்து எத்தினை அடி விட்டு நடலாம்" எண்டு கேட்டு, அதைக் கடிதமா எடுத்துப்போட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கோ.

அடுத்தது எந்தச் சபை. பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒண்டெண்டு நினைச்சு டி.எஸ் ஒபீஸ் எண்ட செயலக வாசல்ல நிக்கிற ஆக்களை இண்டைக்கும் காணலாம். ரெண்டின்ர எல்லையும் எல்லா இடத்திலயும் ஒண்டா வராது. கண்டாவளைப் பிரதேச செயலகப் பிரிவில இருக்கிற பரந்தன், தர்மபுரம் கடையளுக்குக் கரைச்சிப் பிரதேச சபைதான். ஒட்டுசுட்டான் பிரிவுக்காரருக்குப் புதுக்குடியிருப்புச் சபை. வவுனியா ரவுனுக்குள்ள எண்டால் மாநகர சபை, முந்தி நகர சபையா இருந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபை, அதுதான் யூ.டி.ஏ, பிரகடனப்படுத்தின ஏரியாவுக்குள்ள உங்கட கடை இருந்தால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் சேர்ந்து வரும், அப்ப உங்கட பைல் சபையில இருக்கிற திட்டமிடல் குழுவுக்குப் போகும். அது தெரியாட்டி சபையின்ர தொழில்நுட்ப உத்தியோகத்தரிட்ட, டி.ஓ எண்டு சொல்லுற ஆளிட்ட, ஒரு கேள்வி கேட்டால் சரி.

விதி எங்க இருக்கு? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ சபையள் உபவிதி, அதாவது தங்கட எல்லைக்குள்ள செல்லுற சின்னச் சட்டங்கள், வச்சிருக்குங்கள். 1988இல சபையளுக்குப் பொதுவா வந்த மாதிரி உபவிதியில றோட்டுக்குத் தெரியிற விளம்பரத்தைப் பற்றி ஒரு பகுதி இருக்கு, சபையள் அதை ஏற்று நடத்துறது வழக்கம், சில சபை தன்ர உபவிதியையே தனியா எழுதி வர்த்தமானியில போட்டிருக்கும். கட்டணம் சதுர அடிக் கணக்கில சபை தீர்மானிச்சு வச்சிருக்கும், சபைக்குச் சபை வித்தியாசம், அதால பக்கத்து ஊர்க் கடைக்காரன் கட்டின காசை வச்சு நீங்கள் கணக்குப் பாக்காதேங்கோ. உபவிதியின்ர கொப்பி தரச்சொல்லிக் கேளுங்கோ. தர மனமில்லாமல் இழுத்தினம் எண்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில ஒரு விண்ணப்பம், 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும். சண்டை பிடிக்கிற மாதிரி எழுதத் தேவையில்லை, "விளம்பரப் பலகை தொடர்பான உபவிதியும் இந்த வருடக் கட்டண விபரமும்" எண்டு ஒரு வரி காணும்.

விண்ணப்பத்தோட குடுக்கிறது: வியாபார அனுமதிப்பத்திரக் கொப்பி, காணி உறுதி அல்லது அரச காணிக்குக் குடுத்த பேர்மிட், வாடகைக் கடை எண்டால் காணிக்காரரின்ர சம்மதக் கடிதம், போட்டின்ர படம் அடிக் கணக்கோட. எங்கட பக்கம் கனக்கக் காணி பேர்மிட் காணி, பேர்மிட் அப்பாவின்ர பேரிலயோ அம்மம்மாவின்ர பேரிலயோ கிடக்கும், ஆள் வெளிநாட்டில இருக்கும், இதைப் போட் வேலைக்கு முன்னமே பாத்து வைக்காட்டி பைல் அதிலயே படுத்திடும். லைற் போடுற போட் எண்டால் அதையும் அப்பவே எழுதிப்போடுங்கோ, பேந்து லைற் பூட்டினால் அது வேற போட் எண்டு சொல்லுவினம்.

இனித் தளர்வு, அதாவது விதியில உள்ளதை விடக் கூட விடச்சொல்லி, கேக்கிற விசயம்.

ரொறன்ரோவில இதுக்கெண்டே ஒரு கமிற்றி இருக்கு, சைன் வேரியன்ஸ் கமிற்றி எண்டு பேர், அந்த நகரத்தின்ர போட் விதி 694ஆம் அத்தியாயத்தில கிடக்கு, விதிக்கு மேல போட் வேணும் எண்டால் ஆக்கள் அங்க போய்த்தான் நிப்பினம். அமெரிக்காவில ஊருக்கு ஊர் காணிப் பாவனை விதியளைப் பாக்கிற ஸோனிங் குழு இருக்கு. அங்கத்தைய மாதிரிச் சட்டம் ஒண்டு 1920களில வந்தது, அதில விதியை அப்பிடியே பிடிச்சால் தேவையில்லாத கஷ்டம் வருமோ எண்டு பாக்கச் சொல்லியிருக்கு. அந்தக் கஷ்டம் காணியின்ர கஷ்டமா இருக்கோணும், உங்கட பொக்கற்றின்ர கஷ்டம் எடுபடாது, நீங்களே உண்டாக்கின கஷ்டமும் பொதுவா எடுபடாது. இஞ்ச அப்பிடி ஒரு தனிக் குழு இல்லை, சபையும் திட்டமிடல் குழுவும்தான். ஆனால் மேசைக்கு அங்கால இருக்கிற ஆள் பாக்கிறது கிட்டத்தட்ட அதைத்தான், ஏனெண்டால் இண்டைக்கு உங்களுக்கு விட்டால் நாளைக்கு அந்த றோட்டில இருக்கிற எல்லாக் கடைக்காரரும் வந்து நிப்பினம். "இவருக்கு மட்டும் ஏன்" எண்டு கேட்டால் சொல்ல அவருக்கு ஒரு காரணம் வேணும், அந்தக் காரணத்தை நீங்கள்தான் எழுதிக் குடுக்கோணும்.

எடுபடாத காரணங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் எல்லாரும் அதைத்தான் எழுதுறது: கடன் எடுத்துத் தொடங்கின கடை, யாவாரம் காணாது, கொழும்புக் கொம்பனி ஷோரூம்காரன் பெரிய போட் போட்டிருக்கிறான், நான் சண்டைக்குப் பிறகு ஒண்டும் இல்லாமல் வந்த ஆள். கடைசிக் காரணம் உண்மைதான், மனசுக்கும் கஷ்டம்தான், ஆனால் வன்னியில அதை எழுதாத விண்ணப்பமே இல்லை. டி.ஓ அதைப் படிச்சு "பாவம்" எண்டு சொல்லலாம், அறிக்கையில போட ஏலாது.

எடுபடுற காரணம் உங்கட இடத்தில கிடக்கும். றோட்டை உயர்த்திப் போட்டாப் பிறகு கடை பள்ளத்துக்குள்ள நிக்குதோ, பஸ்ஸில வாற ஆளுக்குக் கூரை மட்டும்தான் தெரியுதோ. முன்னால பெரிய மரம் நிக்குதோ. (மரத்தைத் தறிச்சால் பிரச்சினை முடியும் எண்டு நினைக்காதேங்கோ, பாலையோ மருதோ கேக்காமல் தறிச்சுப்போட்டு நிண்டியள் எண்டால் போட் பிரச்சினை சின்னப் பிரச்சினையாப் போயிடும்.) மதகுக்கும் வளைவுக்கும் இடையில கடை மாட்டுப்பட்டு நிக்குதோ, காணி மூக்கு மாதிரி ஒடுங்கி உள்ளுக்குப் போகுதோ. இதில எது உங்கட இடத்தில இருக்கோ அதை அளந்து எழுதுங்கோ. "தெரியுதில்லை" எண்டு எழுதினால் அது உங்கட அபிப்பிராயம், "றோட்டு மட்டத்தில இருந்து கடை வாசல் இத்தினை அடி தாழ்வு" எண்டு எழுதினால் அதை ரேப் வச்சு ஆரும் வந்து பாக்கலாம்.

படம் எடுக்கிறதுக்கு ஒரு வழி. ரெண்டு நீளக் கம்பை நீங்கள் கேக்கிற உயரத்துக்கு நட்டு, கேக்கிற அளவுக்கு ஒரு பழைய சீலையைக் கட்டிப்போட்டு, றோட்டின்ர ரெண்டு பக்கத்தாலயும் தள்ளி நிண்டு போனில படம் எடுங்கோ. பேந்து அதே இடத்தில நிண்டு விதி விடுற அளவுக்கு சீலையை மடிச்சுக் கட்டி இன்னொண்டு. ரெண்டு படத்தையும் பக்கத்தில பக்கத்தில ஒட்டிக் குடுத்தால் ஒரு பக்கக் கடிதம் செய்யாத வேலையை அது செய்யும். சிலநேரம் அந்தப் படத்தைப் பாத்தாப் பிறகு உங்களுக்கே விளங்கும், பெரிய போட் தேவையில்லை, சின்னப் போட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் காணும் எண்டு. அப்பிடி எண்டால் உயரத்தை மட்டும் கேளுங்கோ. அகலம், உயரம், லைற், றோட்டுக்குக் கிட்ட நடுறது எண்டு எல்லாத்தையும் ஒரே கடிதத்தில கேக்கிற ஆளுக்குக் கிடைக்கிறது கஷ்டம்.

கடிதம் நீளமா வேண்டாம். இப்பிடிப் போட்டால் சரி:

"எனது வியாபார நிலையம் வீதி மட்டத்திலிருந்து ___ அடி தாழ்வாக அமைந்துள்ளது. உபவிதியில் அனுமதிக்கப்பட்ட உயரத்தில் பலகை அமைத்தால் வீதியிலிருந்து பார்வைக்குத் தெரியாது என்பதை இணைக்கப்பட்டுள்ள படங்கள் காட்டுகின்றன. ஆகவே பலகையின் பரப்பளவை மாற்றாமல் உயரத்தை மட்டும் ___ அடியாக அமைக்க அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பலகை எனது காணி எல்லைக்குள்ளேயே அமையும். அயலவர்களின் சம்மதக் கடிதங்கள் இணைக்கப்பட்டுள்ளன."

அயலவரின்ர கடிதம் கட்டாயமோ எண்டு கேப்பியள். கேக்காட்டியும் வையுங்கோ. பக்கத்துக் கடை அண்ணை சபைக்குப் போன் அடிச்சு "என்ர போட்டை மறைக்குது" எண்டு சொல்லிட்டார் எண்டால் உங்கட பைல் கீழ போயிடும், முதலே போய் ஒரு தேத்தண்ணி குடிச்சு விசயத்தைச் சொல்லிக் கையெழுத்து வேண்டுறது சுகம். பக்கத்தில கோயிலோ பள்ளிக்கூடமோ இருந்தால் அங்கயும் ஒருக்கால் கதைச்சு வையுங்கோ, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி மாதிரி எல்லா வாகனமும் நிப்பாட்டுற இடத்தில ஒரு போட் கண்ணை மறைச்சால் அது ஆக்களின்ர உயிர்ப் பிரச்சினை. சந்தி மூலை, வளைவு, ஆக்கள் றோட்டைக் கடக்கிற மஞ்சள் கோட்டுக்குப் பக்கம், இதுகளில தளர்வு கேக்கிறதையே விட்டுடுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். சிவப்பு பச்சையில மின்னி மின்னி எரியிற லைற்றும் அப்பிடித்தான், இரவில ஏ9இல வாற லொறிக்காரனுக்கு அது சிக்னலோ கடையோ எண்டு தெரியாது.

டி.ஓ இடம் பாக்க வாற அண்டைக்கு நீங்கள் நிக்கோணும், தம்பியை விட்டுட்டு வவுனியாவுக்குச் சாமான் ஏத்தப் போகாதேங்கோ. சீலை கட்டின கம்பு அப்பவும் நிண்டால் இன்னும் நல்லம். அவர் எழுதுற அறிக்கைதான் மாதாந்தக் கூட்டத்துக்கோ குழுவுக்கோ போறது. வட்டாரத்து உறுப்பினரிட்ட சொல்லி வைக்கிறதில பிழை இல்லை, ஆனால் அவர் "நீ போடு, நான் பாக்கிறன்" எண்டு சொன்னது அனுமதி இல்லை. 2023 மார்ச்சில சபையள் கலைஞ்சு 2025 மே தேர்தல் மட்டும் உறுப்பினர் இல்லாமல் செயலாளர்மார்தான் நடத்தினவை, அந்தக் காலத்தில வாயால "சரி, போடுங்கோ" எண்டு கேட்டுக்கொண்டு போட்ட ஆக்கள் இருக்கினம். உங்கடையும் அப்பிடி எண்டால் ஆரும் கேக்க முதல் இப்பவே ஒரு விண்ணப்பம் போட்டு எழுத்தில எடுத்து வையுங்கோ.

ஏலாது எண்டு முடிவு வந்தால் காரணத்தை எழுத்தில கேளுங்கோ, எந்த உபவிதி எண்ட இலக்கத்தோட. அது கையில வந்தால் பாதி வேலை முடிஞ்சுது, ஏனெண்டால் கனநேரம் காரணம் ஒரு அளவுதான், அந்த ஒண்டை மாத்தித் திருப்பிப் போட்டால் சரிவரும். "ஒரு வருசத்துக்கு மட்டும் தாங்கோ, முறைப்பாடு வந்தால் நானே இறக்கிறன்" எண்டு கேக்கிறதும் ஒரு வழி, சபைக்கும் அது பயமில்லாத முடிவு. அதுக்கும் இல்லை எண்டால் மாவட்டத்து உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு எழுதலாம், யூ.டி.ஏ ஏரியா எண்டால் அவையளுக்கு மேன்முறையீடு. மேல் நீதிமன்றத்தில ரிட், அதாவது சபையின்ர முடிவை எதிர்த்து வழக்கு, போடவும் வழி இருக்கு, ஆனால் லோயர் காசு போட்டை விடக் கூட வரும், கொம்பனி ஆக்களுக்குத்தான் அது கட்டும். கழட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தால் மட்டும் சும்மா இருக்காதேங்கோ, அதில போட்ட திகதிக்கு முன்னம் பதில் குடுத்து, கொப்பியில சபையின்ர திகதி முத்திரை அடிச்சு எடுங்கோ.

கிடைச்சாப் பிறகு கடிதத்தில இருக்கிற அளவை அப்படியே வெல்டிங் காரனிட்டக் குடுங்கோ, "அரை அடி கூட்டி விடுறன் அண்ணை, வடிவா இருக்கும்" எண்டு அவர் சொல்லுவார், வேண்டாம். சோளகக் காத்து அடிக்கிற மாதங்களில பெரிய பிளெக்ஸ் கப்பல் பாய் மாதிரி ஊதும், நடுவில காத்து போக வெட்டு விடச்சொல்லுங்கோ, உயரத் தளர்வு எடுத்த போட் எண்டால் காலை இன்னும் ஆழமா இறக்கோணும், கரண்ட் கம்பிக்குக் கிட்ட எண்டால் கரண்ட் ஒபீசிலயும் ஒரு வார்த்தை. ஆர்.டி.ஏ கடிதத்தில "வீதி அகலிக்கும்போது நட்டஈடு இன்றி அகற்றப்படும்" எண்ட மாதிரி வரி இருந்தால் கழட்டிப் பூட்டுற மாதிரி நட்டு போல்டில அடியுங்கோ, வெல்ட் பண்ணி முடிச்சிடாதேங்கோ.

கட்டணம் வருசா வருசம், ஜனவரியில வியாபார அனுமதியோட சேத்துக் கட்டிற்றுப் பற்றுச்சீட்டைக் கடிதத்தோடயே வையுங்கோ. கடையை வித்தால், பேரை மாத்தினால், போட்டை இறக்கினால் சபைக்கு எழுதிப்போடுங்கோ, இல்லாட்டி புதுக் கடைக்காரன்ர போட்டுக்கான பில் உங்கட பேரில வந்துகொண்டிருக்கும்.