எயார் பிஸ்டலின் பின்சைட்டைத் திருத்துவது எப்படி?

திருகோணமலையில் நான் பழக்கும் பிள்ளைகள் முதல் குண்டு விலகியதுமே ஸ்குரூ டிரைவரைத் தேடுவார்கள். பொறுங்கள். 10 மீற்றரில் ஐந்து குண்டுகள் சுடுங்கள். சிதறி விழுந்தால் பிழை கையில்; சைட்டை, அதாவது குறிபார்க்கும் பகுதியை, தொடவேண்டாம். ஒரே இடத்தில் குவிந்து, அந்தக் குவியல் விலகியிருந்தால் மட்டும் திருத்துங்கள். திருத்தும்போது துப்பாக்கியில் குண்டு இருக்கக்கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கமே பின்சைட்டை நகர்த்துங்கள். முன்சைட், பின்சைட் இரண்டுக்கும் இடையே 32 சென்ரிமீற்றர் என்றால், 0.1 மில்லிமீற்றர் நகர்த்தினாலே இலக்கு அட்டையில் 3 மில்லிமீற்றர் மாறும். பத்துப் புள்ளி வட்டமே 11.5 மில்லிமீற்றர்தான், சைட் ஸ்குரூவை ஒவ்வொரு கிளிக்காகத் திருப்புங்கள். அப்புறம் மறுபடி ஐந்து குண்டுகள்.

எங்கள் கடற்காற்றில் உப்பு அதிகம். முடிந்ததும் ஸ்குரூவை எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.