கூட்டலா, கழித்தலா என்று கேட்கும் பிள்ளைக்குப் பட்டைப்படம்

"இது கூட்டலா, கழித்தலா மிஸ்?" வாக்கியக் கணக்கைப் பார்த்ததும் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கணக்கைப் படிக்காமல் எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டார்கள் என்பதற்கு இதுவே அடையாளம். 'அதிகம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி என்று நாம் சொல்லிவைத்த குறுக்குவழிக்கும் இதில் பங்கு உண்டு. கணக்கில் வரும் அளவுகளை நீளப் பெட்டிகளாக வரைந்து காட்டும் பட்டைப்படம் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட வைக்கிறது. முதலில் நடந்ததை வரையட்டும். என்ன செய்வது என்பதைப் பிறகு படத்தைப் பார்த்து முடிவுசெய்யலாம்.

சிங்கப்பூரில் 1980களில் கோ தெக் ஹாங் தலைமையிலான குழு தொடக்கப்பள்ளிக் கணிதத்தில் கொண்டுவந்த முறை இது. முதலில் பொருளைத் தொடுவது, அடுத்து படம், கடைசியில் எண் என்ற வரிசை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் கருத்தை ஒட்டியது. பட்டை நிற்பது நடுப்படியில். முதல் படியைத் தாண்டிக் குதித்த பிள்ளைக்குப் பட்டை வெறும் பெட்டியாகத்தான் தெரியும்.

அதனால் அட்டையில் 2 செ.மீ. சதுரங்களாக இரண்டு நிறத்தில் இருபது இருபது வெட்டிக்கொள்ளுங்கள். புளியங்கொட்டை எண்ணுவதற்கு நல்லது, இதற்கு உதவாது: பெரிய கொட்டை எட்டு, சின்னக் கொட்டை ஒன்பதைவிட நீளமாகக் கிடக்கும், பிள்ளை குழம்பும். "மீனாவிடம் 5 பென்சில், கவினிடம் 8" என்று சொல்லி, இரண்டு வரிசையாக, இடப்பக்க ஓரம் ஒரே நேராக இருக்கும்படி அடுக்கச் சொல்லுங்கள். எத்தனை கூட என்பது நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று சதுரமாகக் கண்ணுக்குத் தெரியும். ஓரம் நேராக இல்லாவிட்டால் இது தெரியாது. பிறகு பட்டை வரையும்போதும் இதே தப்புத்தான் அதிகம் வரும்.

அடுத்து கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பொருளுக்கு ஒரு கட்டம். இதில் சில நாள் ஓடட்டும். பிறகு வேண்டுமென்றே 48, 75 என்று பெரிய எண் கொடுங்கள். பிள்ளையே சலித்துக்கொள்ளும். அப்போதுதான் "கட்டம் கட்டமாக வேண்டாம், நீளமாக ஒரு பட்டை போட்டு உள்ளே 48 என்று எழுது" என்று சொல்ல வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சில பிள்ளைகள் முழுப்பட்டையையும் 'ஒன்று' என்று எண்ணிவிடுவார்கள்.

வரையும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். கணக்கை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். இரண்டாம் முறை எண்களை விரலால் மறைத்துக்கொண்டு, "ஒருத்தரிடம் கொஞ்சம் இருந்தது, கொஞ்சம் கொடுத்துவிட்டார்" என்று கதையாகச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு முற்றுப்புள்ளிவரை படிப்பது, அதற்கானதை வரைவது, நிறுத்துவது. அடுத்த வாக்கியத்துக்குப் போவது. பெயர் பட்டைக்கு இடப்பக்கம், எண் பட்டைக்குள், மொத்தம் அடைப்புக்குறி போட்டு வெளியே. கேள்வி எதைக் கேட்கிறதோ அந்த இடத்தில் '?' போட்ட பிறகுதான் கணக்கே தொடங்க வேண்டும். நீளம் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் துல்லியமாக வேண்டாம். ஆனால் பெரியது பெரிதாகவும், சமமானவை சமமாகவும் தெரிய வேண்டும்.

முதலில் பகுதியும் முழுமையும். "கூடையில் 24 பழம், அதில் 9 கொய்யா, மற்றவை மாதுளை" என்றால் ஒரே பட்டையை இரண்டாகப் பிரித்து 9, ? என்று எழுதி, மேலே 24. இது பெரும்பாலும் சிக்கலில்லாமல் வந்துவிடும்.

ஒப்பிடும் கணக்கில்தான் பிள்ளைகள் சறுக்குவார்கள். "ராமுவிடம் 15 கோலி இருக்கிறது. இது சலீமிடம் இருப்பதைவிட 6 அதிகம். சலீமிடம் எத்தனை?" 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் 15 + 6 = 21 என்று எழுதும் பிள்ளைகள் பலர். இங்கே தமிழே ஒரு பிடி தருகிறது: 'விட' யாரைச் சேர்ந்து வருகிறதோ அவருடைய பட்டையை முதலில் போட வேண்டும். அதுதான் அளவு. இங்கே சலீம். அவரிடம் எத்தனை என்று தெரியாவிட்டாலும் பட்டை போடலாம், உள்ளே '?'. அதே நீளம் ராமுவுக்கும் போட்டு, ஒட்டினாற்போல் 6.

சலீம் |────── ? ──────|
ராமு |────────────────|── 6 ──|  (ராமு மொத்தம் 15)

15 − 6 = 9. 'அதிகம்' என்ற சொல் இருந்தும் கழித்தல் ஏன் என்று விளக்கவே வேண்டியதில்லை. இதே கணக்கை 'குறைவு' என்று திருப்பிச் சொல்லி, படம் மாறுகிறதா என்று கேளுங்கள். மாறாது.

மடங்குக் கணக்கில் ஒரு எச்சரிக்கை: "3 மடங்கு அதிகம்" என்று எழுதாதீர்கள். மூன்று பங்கா, ஒன்றோடு மூன்று சேர்ந்து நான்கா என்று பெரியவர்களுக்கே குழப்பம். "தம்பியிடம் இருப்பதைப்போல் 3 மடங்கு அக்காவிடம், இருவரிடமும் சேர்த்து 48 ரூபாய்" என்றால் தம்பிக்கு ஒரு பெட்டி, அக்காவுக்கு அதே அளவில் மூன்று. மொத்தம் 4 பெட்டி, ஒரு பெட்டி 12. அக்காவிடம் 36. படம் போடாத பிள்ளை கண்ணில் பட்ட 3-ஆல் 48-ஐ வகுத்து 16 என்று சொல்லும். பெட்டிகளைத் தொட்டு எண்ணச் சொன்னாலே போதும்.

மொத்தமும் வித்தியாசமும் தெரிந்த கணக்கு இன்னும் கொஞ்சம் கடினம். இருவரிடமும் சேர்த்து 50 பாசிமணி, ஒருவரிடம் 12 கூட. பிள்ளை 50-ஐப் பாதியாக்கி 25, அதில் 12 கூட்டி 37 என்று சொல்லும். அப்படியானால் மற்றவரிடம் 13. வித்தியாசம் 24 ஆகிவிடுகிறதே என்று அதனிடமே கேளுங்கள். படத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் 12-ஐக் கையால் மறைத்தால் மிஞ்சுவது இரண்டு சமப் பட்டை. 50 − 12 = 38, பாதி 19. மற்றவருக்கு 31.

'மீதியில் கால்பங்கு' போன்ற கணக்குக்குப் பெரிய பிள்ளைகள் மீதியை மட்டும் தனியே இரண்டாவது பட்டையாகக் கீழே வரைய வேண்டும். இல்லாவிட்டால் முதல் தொகையில் கால்பங்கு எடுத்துவிடுவார்கள்.

விடையைக் கண்டுபிடித்துவிட்டு அலங்காரத்துக்குப் பட்டை போடும் பிள்ளைகளும் உண்டு. '?' இருக்க வேண்டிய இடத்தில் விடை எழுதியிருந்தால் அதுதான். அவர்களுக்குக் கேள்வியே இல்லாத கணக்கைக் கொடுத்து, படத்தை மட்டும் வாங்குங்கள். வேறு எதையும் கேட்காதீர்கள். மறுநாள் 18, 7, ? என்று ஒரு பட்டையை வரைந்துகொடுத்து, அதற்குக் கதை சொல்லச் சொல்லுங்கள். சந்தை, பேருந்து, இட்லி என்று மூன்று கதை வந்தால் பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டது. தப்பாக வரைந்த படத்தை ரப்பரால் அழிக்கவிட வேண்டாம். பக்கத்திலேயே இன்னொன்று போடட்டும். இரண்டையும் வைத்துப் பேசலாம். ஒரு நாளைக்கு மூன்று கணக்கு, கால் மணி நேரம். அதற்குமேல் போனால் படம் கிறுக்கலாகிவிடும்.

உங்கள் கை பென்சிலைத் தொடாமல் இருப்பது கடினம்தான். ஆனால் நீங்கள் பெட்டி போட்டுக்கொடுத்து அதில் எண் நிரப்பச் சொன்னால், யோசிக்க வேண்டிய வேலை முழுவதும் உங்களுடையதாகிவிடும்.

மனதிலேயே போட்டுவிடும் எளிய கணக்குக்கு வரையச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பட்டைக்கு அடங்காத கணக்குகளும் உண்டு. 20 மீட்டர் பாதையில் இரு முனையும் சேர்த்து 5 மீட்டருக்கு ஒரு மரம் என்றால், பட்டை நான்கு இடைவெளியைக் காட்டும், மரங்களோ ஐந்து. அங்கே ஒரு கோடும் அதன்மேல் புள்ளிகளும் போடச் சொல்லுங்கள்.